கூரை வெட்டிய சிவப்பு வண்டி

1967-ஆம் வருடம் மார்ச் மாதம் கல்கத்தாக் கப்பல் அந்தமானின் ஹேடோ துறைமுகத்தில் இறக்கிய சாமான்களில், அரிசி மூட்டைகளுக்கும் சிமெண்டுக்கும் நடுவே ஒரு சிவப்புக் காரும் இருந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத பந்தயக் கார். மரக் காண்ட்ராக்டர் சொக்கலிங்கம் அதைக் கல்கத்தாவில் ஒரு பட்டறைக்காரனிடம் வாங்கியிருந்தார். போர்ட் பிளேரில் அப்போது நல்ல தார் ரோடு எல்லாவற்றையும் சேர்த்தாலும் இருபது மைல் தேறுவது சிரமம். அதிலும் பாதி ஏற்றம், மீதி வளைவு. மணிக்கு நூறு மைல் போகும் வண்டி இங்கே எதற்கு என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர்கள் எல்லோருக்கும் அவரால் ஏதாவது ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது.

கிரேன்காரர் முன்னால் ஒரு கயிறும் பின்னால் ஒரு கயிறும் கட்டி வண்டியைத் தூக்கி இறக்கினார். தரையில் வைத்ததும் சொக்கலிங்கம் கதவைத் திறக்கப் போனார். திறக்கவில்லை. மறுபக்கக் கதவும் திறக்கவில்லை. துறைமுகக் கூலிகள் நாலு பேர் இழுத்துப் பார்த்தார்கள். கரையில் முந்நூறு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொக்கலிங்கம் வேட்டியைத் தூக்கிக் கட்டினார், ஒரு காலைக் கதவுக்கு மேலே போட்டுத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தார்.

"விலாயத்திக் காரு, சீமைக் காருல்ல, இப்படித்தான் ஏறணும்," என்றார் அருகிலிருந்தவர்களிடம்.

அவர்கள் நம்பினார்கள். அந்த மாதம் முழுக்க ஹேடோவில் ஜீப்பில் ஏறுகிற இளவட்டங்கள்கூடத் தாண்டித்தான் ஏறினார்கள்.

கிளம்பிப் போன பிறகு வேறொரு விஷயம் தெரிந்தது. நிற்கும்போது திறக்காத கதவு, ஓடும்போது வளைவில் தானாகத் திறந்துகொண்டது. முன்கண்ணாடி நடுங்கியது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் வண்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. திரும்ப ஆரம்பித்தால் கேட்டதற்கு மேலேயே திரும்பியது. சொக்கலிங்கம் பத்து நாள் பொறுத்துக்கொண்டார். பிறகு அரசு மோட்டார் பட்டறைக்கு வந்தார்.

பட்டறை மேஸ்திரி ஜம்புலிங்கம் திருச்சிக்காரர். அங்கே பஸ்ஸுக்குக் கூடு கட்டும் ஒரு பட்டறையில் பதினோரு வருடம் இருந்துவிட்டு, அந்தமானில் குவார்ட்டர்ஸ் தருகிறார்கள் என்று மனைவி விசாலாட்சியோடு கப்பல் ஏறியவர். ஒல்லியான ஆள். வண்டியை முதலில் பார்க்காமல் அதன் நிழலைப் பார்ப்பார் என்று பட்டறையில் அவரைக் கேலி செய்வார்கள். அது கேலியே இல்லை. நிழல் கோணலாக விழுந்தால் வண்டி கோணல் என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

சிவப்பு வண்டியின் முன்சக்கரம் ஒன்றின் கீழே ஜாக்கி வைத்து ஏற்றினார். வலது முன்சக்கரம் மேலே போனது. பின்பக்கம் அசையவே இல்லை. கதவுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தது. அது மூன்று விரலானது. கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். முன்கண்ணாடியின் ஓரத் தூண்களில் பெயிண்டைச் சுரண்டினார். உள்ளே வெல்டிங் வைத்துத் தேய்த்த தழும்பு தெரிந்தது.

"அண்ணே, இது பொறக்கும்போது கூரையோட பொறந்த வண்டி," என்றார் எழுந்து. "கல்கத்தாவுல எவனோ கூரைய அறுத்து எடுத்துட்டு வித்திருக்கான்."

"திறந்த காருன்னா கூரை இருக்காதுப்பா. அதுக்குத்தானே வாங்குறது."

"கம்பெனியில திறந்த வண்டியா செய்யிறப்ப, கூரை போனதுக்குப் பதிலா அடியில இரும்பு சேப்பாங்க. லாரிக்குத் தனியா சேஸ், அதான் அடிச்சட்டம், இருக்கு, மேல கூடு இல்லாட்டியும் ஓடும். இதுக்குத் தனி சேஸ் கிடையாது. தரை, பக்கம், கூரை எல்லாம் சேந்துதான் சேஸ்."

சொக்கலிங்கத்தின் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. ஜம்புலிங்கம் ஒரு பிஸ்கட் தகர டப்பாவை எடுத்து வந்தார். மூடியோடு இரண்டு முனையையும் பிடித்து முறுக்கினார். அசையவில்லை. மூடியை எடுத்துவிட்டு முறுக்கினார். டப்பா துணி பிழிகிற மாதிரி வளைந்தது.

"வளைவுல உங்க வண்டி இப்படித்தான் ஆவுது. முன்பாதி ஒரு பக்கம் சாயுது, பின்பாதி இன்னொரு பக்கம் சாயுது. போதாததுக்குப் பந்தயத்துக்குன்னு கெட்டி ஸ்பிரிங் வேற போட்டு வச்சிருக்கான். ஸ்பிரிங் வளைய வேண்டியது வளையலேன்னா உடம்பு வளையும்."

சொக்கலிங்கம் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விலாயத்திக் காரைப் பிஸ்கட் டப்பாங்கிறே," என்றார். "ரோடு சரியில்ல. அதைச் சொல்லு." கதவைத் தாண்டி ஏறிப் போய்விட்டார்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் மே மாதம் தில்லியிலிருந்து ஒரு மந்திரி வருவதாகத் தந்தி வந்தது. வரவேற்புக் குழு ஒன்று அமைத்தார்கள். அதன் செயலாளர் ராஜமாணிக்கம். சர்க்கார் கச்சேரியில் இருபது வருடம் பேனா பிடித்து மேலே வந்தவர். விமான நிலையத்திலிருந்து ஜிம்கானா மைதானம் வரை மந்திரி திறந்த காரில் நின்றபடி கையசைத்து வரவேண்டும் என்று குழு தீர்மானித்தது. ஜீப்பும் திறந்த வண்டிதானே என்று ஒருவர் சொன்னார். ஜீப்பில் ரேஷன் மூட்டையும் ஏறுகிறது என்று இன்னொருவர் சொன்னார். சொக்கலிங்கம் எழுந்து தன் வண்டியைத் தருவதாகச் சொன்னார். அவருக்கு வடக்கே ஒரு காட்டில் மரம் வெட்டும் உரிமை வேண்டியிருந்தது. கைதட்டினார்கள்.

மந்திரி ஏறும் வண்டிக்கு அரசுப் பட்டறை தகுதிச் சான்றிதழ் தரவேண்டும் என்பது விதி. படிவம் ஜம்புலிங்கத்திடம் வந்தது. அவர் எழுதினார்: "வண்டியின் உடம்பில் விறைப்புப் போதாது. ஆகவே தகுதி இல்லை."

மூன்றாம் நாள் பதில் வந்தது. விறைப்பு எவ்வளவு தேவை, எந்தக் கிடங்கில் இருப்பு இருக்கிறது, மேன்லேண்டிலிருந்து தருவிக்க வேண்டுமானால் அடுத்த கப்பலுக்குள் வந்து சேருமா என்று கேட்டிருந்தார்கள். விறைப்பு என்பது கடையில் வாங்கும் சாமான் அல்ல என்று ஜம்புலிங்கம் எழுதினார். சாமான் அல்லாத ஒன்று குறைவதால் மந்திரியின் நிகழ்ச்சியை மாற்ற இயலாது என்று மறுபதில் வந்தது. சோதனை ஓட்டம் ஒன்று நடத்தி முடிவு செய்யலாம் என்றும் கீழே ஒரு வரி இருந்தது. ராஜமாணிக்கம் நேர்மையான ஆள். மந்திரி நிற்கப்போகும் இடத்தில் தானே நிற்பதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சொக்கலிங்கம் ஓட்டினார். ராஜமாணிக்கம் பக்கத்து சீட்டின் மேல் நின்று, ஒரு கையால் முன்கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஆளில்லாத ரோட்டுக்குக் கையசைத்தபடி வந்தார். ஜம்புலிங்கம் பின்னால் ஜீப்பில் வந்தார். நேர்ரோட்டில் கண்ணாடி நடுங்கியதில் ராஜமாணிக்கத்தின் கையும் தோளும் கன்னமும் நடுங்கின. பத்துபஸ்தி வளைவில் இடது கதவு திறந்தது. வண்டி ஒரு முறை இழுத்துத் திரும்பியது. ராஜமாணிக்கம் அசைத்த கையோடு வெளியே போய், ரோட்டோரத்து வாய்க்காலில் இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்தார்.

அடி எதுவும் படவில்லை. ஜம்புலிங்கம் கைகொடுத்துத் தூக்கினார்.

"கதவை ஏன் நீ சரியா சாத்தலை?" என்று ராஜமாணிக்கம் சொக்கலிங்கத்தைக் கேட்டார்.

"அது திறக்கவே இல்லையே சாப். நீங்க தாண்டித்தானே ஏறுனீங்க."

மறுநாள் கோப்பில் குறிப்பு ஏறியது: சோதனை ஓட்டம் திருப்திகரம்; செயலாளர் பாதையோரப் பகுதியையும் நேரில் ஆய்வு செய்தார்; பத்துபஸ்தி வளைவை நேராக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. வளைவுக்குப் பின்னால் ஒரு குன்று இருந்தது. அதை மே மாதத்துக்குள் அகற்ற முடியாது என்று தெரிந்ததும், கதவு ஒன்றுக்கு ஒருவராக இருவர் வண்டியோடு நடந்து வந்து கதவைப் பிடித்துக்கொள்வது என்று முடிவானது. அந்தப் பணிக்கு ஒரே உயரமுள்ள இரண்டு பியூன்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் ராஜமாணிக்கத்துக்குச் சேறு மறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மதியச் சாப்பாட்டு வேளையில் பட்டறைக்குத் தனியாக வந்தார்.

"உன்னால இதைச் சரி பண்ண முடியுமா, ஜம்புலிங்கம்?"

"இரும்பு வேணும் சார்."

"எழுத்துல கேக்காதே. எழுத்துல கேட்டா நான் எழுத்துல பதில் சொல்லணும். செஞ்சிடு."

பட்டறைக்குப் பின்னால் புல்லுக்குள் டிராம் தண்டவாளத் துண்டுகள் கிடந்தன. ஒரு காலத்தில் காட்டிலிருந்து மரம் இழுக்கப் போட்டவை. யாரும் தொட்டுப் பத்து வருடமாவது இருக்கும். ஜம்புலிங்கம் அவற்றைத் துரு தேய்த்து எடுத்தார். இரண்டு கதவுக்கும் கீழே, முன்சக்கரத்துக்கு அருகிலிருந்து பின்சக்கரம் வரை, பக்கத்துக்கு ஒன்றாக வைத்து வெல்டிங் செய்தார். வயிற்றுக்கு அடியில் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே இரண்டு. சீட்டுக்குப் பின்னால் ஒரு தகட்டுச் சுவர். வெல்டிங் வைக்கும்போது வண்டி நான்கு காலிலும் சமமாக நிற்கவேண்டும் என்று ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் மரத் துண்டு வைத்து நூல் பிடித்து அளந்தார். பிறகு பின் ஸ்பிரிங் கட்டில் ஒவ்வொரு பக்கமும் ஒரு பட்டையை உருவினார். குதிப்பை அடக்கும் ஷாக் அப்சார்பரில் பழைய எண்ணெயை வடித்துவிட்டுக் கெட்டி எண்ணெய் ஊற்றினார். பன்னிரண்டு நாள் ஆனது. ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கினால் இப்போது பின்சக்கரமும் கூடவே எழுந்தது. கதவின் இடைவெளி ஒரு விரலாகவே இருந்தது. கதவு விரலால் தள்ளினாலே திறந்தது, தள்ளினாலே மூடியது.

ஓட்டிப் பார்க்கப் பக்கத்து சீட்டில் எடை வேண்டியிருந்தது. பட்டறை ஆட்கள் யாரும் ஏறத் தயாரில்லை. விசாலாட்சி சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"மந்திரி எடை இருப்பேனா?" என்றாள்.

"தெரியலை. கேட்டு எழுதினேன், அந்த விவரம் ரகசியம்னுட்டாங்க."

ஹேடோவிலிருந்து டாலிகஞ்ச் பக்கம் போனார்கள். முதல் வளைவில் வால் கொஞ்சம் வெளியே போகப் பார்த்தது. ஜம்புலிங்கம் நிறுத்தி, முன்டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டுத் திரும்ப ஓட்டினார். அடுத்த வளைவில் ஸ்டியரிங்கைத் தொட்ட நொடியில் மூக்கு திரும்பியது. பின்பாதி அதன் பின்னாலேயே வந்தது. வளைவின் நடுவே ஒரு பள்ளம் வந்தது. சக்கரம் மட்டும் இறங்கி ஏறியது. கண்ணாடி நடுங்கவில்லை. பதினோரு வருடம் அவர் பஸ் கூடுகள் கட்டியிருக்கிறார். கட்டியது ஒன்று தான் சொன்ன இடத்துக்குச் சொன்ன கணத்தில் போவதை அவர் அதுவரை உணர்ந்ததில்லை. அப்படியே நாலு மைல் ஓட்டினார்.

"ஏங்க, அழுவுறீங்களா?" என்று விசாலாட்சி கேட்டாள்.

"காத்து. மேல கூரை இல்லேல்ல."

வண்டியைப் பார்க்க வந்த சொக்கலிங்கம் முதலில் கதவைத் தாண்டி ஏறினார். கதவு திறக்கிறதா என்று அவர் பார்க்கவே இல்லை. பிறகு கீழே குனிந்தார். தண்டவாளத்தைக் கண்டார்.

"என்னப்பா இது? எவ்வளவு எடை கூடியிருக்கு?"

"எண்பது கிலோ இருக்கும்ணே. ஒரு தடவை ஓட்டிப் பாருங்க."

"பந்தயக் காரை லாரியாக்கி வச்சிருக்கே. ரயில் தண்டவாளம். பாக்கிறவன் சிரிப்பான்."

ஓட்டிப் பார்க்கவில்லை. நேராகப் போய் மேலிடத்தில் புகார் கொடுத்தார்: தன் வண்டியில் தன் அனுமதியில்லாமல் அரசு இரும்பை ஒட்டிவிட்டார்கள் என்று. அதனால் வந்தது வேறு வினை. அந்தத் தண்டவாளம் எந்த இலாகாவுடையது என்று பத்து வருடமாக இரண்டு இலாகாக்கள் என்னுடையது இல்லை, உன்னுடையதுதான் என்று தள்ளிக்கொண்டிருந்தன. ஒருவர் அதை உபயோகித்துவிட்டார் என்று தெரிந்ததும் இரண்டும் ஒரே நாளில் உரிமை கோரின. உடனே பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்று இரண்டு கடிதங்கள் வந்தன. மந்திரி வர ஐந்து நாள் இருந்தது.

ஜம்புலிங்கத்தை ராஜமாணிக்கம் அறைக்குக் கூப்பிட்டார். அறையில் வேறு மூன்று அதிகாரிகள் இருந்தார்கள்.

"யார் சொல்லி இதைச் செஞ்சே?" என்று ராஜமாணிக்கம் கேட்டார். கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

ஜம்புலிங்கம் அவரையே பார்த்தார். சொல்லிவிடலாம். சொன்னால் நம்பமாட்டார்கள், அல்லது நம்பிவிட்டு நம்பவில்லை என்பார்கள்.

"நானாத்தான் செஞ்சேன், சார்."

"அறுத்து எடுத்துடு."

"மாட்டேன் சார். அதை எடுத்தா மறுபடி ஆள் விழுவாங்க. நீங்க விழுந்தீங்க."

அதிகாரிகளில் ஒருவர் தண்ணீர் குடித்தார். அன்று மாலையே துறைமுகத்திலிருந்து வேறொரு வெல்டரை வரவழைத்து அறுத்தார்கள். ஜம்புலிங்கத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது: வடக்கே மாயாபந்தர் பட்டறை. அங்கே ஒன்றரை மைல் ரோடும் ஒரு டிராக்டரும் இருந்தன. அடுத்த படகு கிளம்பும் நாள் மந்திரி வரும் நாளாகவே இருந்தது. மதியம்தான் படகு என்பதால் ஜம்புலிங்கமும் விசாலாட்சியும் காலையில் வேடிக்கை பார்க்க ரோட்டோரம் வந்து நின்றார்கள்.

அறுத்த சூட்டில் கதவுக்கடிப் பட்டைகள் வளைந்துபோயிருந்தன. வண்டி நடுவில் தொய்ந்து நின்றது. சாமந்தி மாலைகளால் தொய்வை மறைத்திருந்தார்கள். மந்திரி குட்டையான மனிதர், இரண்டு முழங்காலிலும் வலி. விமானப் படிகளில் இறங்கவே நேரமானது. ராஜமாணிக்கம் கதவைத் திறக்கப் போனார். திறக்கவில்லை. ஒரே உயரமுள்ள இரண்டு பியூன்களும் இழுத்தார்கள். பேண்டு வாத்தியக்காரர்கள் அதே பாட்டை மூன்றாவது முறை வாசித்தார்கள். கடைசியில் சொக்கலிங்கம் முன்னால் வந்து வணங்கி, வேட்டியைத் தூக்கிக் கட்டிக் கதவைத் தாண்டிக் காட்டினார். மந்திரி அதைக் கவனமாகப் பார்த்தார்.

"பைதல் சலேங்கே," என்றார்.

நடந்தார். கூட்டம் வழிவிட்டது. பின்னால் சொக்கலிங்கம் காலி வண்டியை மெதுவாக ஓட்டி வந்தார். இருபுறமும் பியூன்கள் இருவரும் திறக்காத கதவுகளைப் பிடித்தபடி நடந்து வந்தார்கள். அவர்களுக்கு வேறு உத்தரவு வரவில்லை. பத்துபஸ்தி வளைவில் இரண்டு கதவும் திறந்தன. இருவரும் அப்போதும் விடவில்லை. மந்திரி மக்களோடு மக்களாக நடக்க விரும்பினார் என்று பத்திரிகைக் குறிப்பு போனது. ராஜமாணிக்கத்துக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. சொக்கலிங்கத்துக்குக் காடு கிடைக்கவில்லை.

ஜம்புலிங்கம் மதியம் படகேறினார்.

மழைக்காலம் முடிந்து நவம்பரில், மரம் ஏற்றும் பார்ஜ் படகு ஒன்று மாயாபந்தருக்கு வந்தது. அதன் மேல் தார்ப்பாய் போர்த்திய சிவப்பு வண்டி. பக்கத்தில் குடையோடு சொக்கலிங்கம். இளைத்திருந்தார்.

"ஜங்லிகாட் இறக்கத்துல பசுமாடு குறுக்க வந்துச்சு," என்றார் பட்டறையில் உட்கார்ந்து. "ஒடிச்சேன். அது திரும்பலை. அப்புறம் திரும்புச்சு, மாடு போன பிறகு. ஒரு கடைக்குள்ள போயிட்டேன். நல்லவேளை, கடைக்காரம்மா பூங்கோதை பின்கட்டுல சமைச்சுக்கிட்டு இருந்துச்சு."

ஜம்புலிங்கம் எழுந்து ஜாக்கியை எடுத்து வைத்தார்.

"இரும்பு போர்ட் பிளேர்ல என் மரம் அறுக்கிற ஆலையிலேர்ந்து கொண்டாந்திருக்கேன். யாரும் கேக்க மாட்டான்."

"கூரை போட்டுடலாமாண்ணே? வேலை சுலபம்."

"திறந்தே இருக்கட்டும்பா," என்றார் சொக்கலிங்கம் தணிந்த குரலில். "சின்ன வயசுல சிவகங்கையில ஒரு துரை போவாரு இது மாதிரி. ரோட்டோரமா நின்னு பாத்திருக்கேன்."

மூன்று வாரம் வேலை நடந்தது. ஆலை இரும்பு தண்டவாளத்தைவிட இலேசு. ஜம்புலிங்கம் அதைப் பெட்டி மாதிரி மடித்து வைத்தார். டிராக்டரை ரிப்பேர் செய்யச் சொல்லி வந்த கடிதம் மேஜையில் இருந்தது. டிராக்டரில் ரிப்பேர் இல்லை என்பதால் அது அங்கேயே இருந்தது. முடிந்த அன்று சொக்கலிங்கம் கதவைத் திறந்து ஏறினார். ஜம்புலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜெட்டியிலிருந்து அந்த ஊர் மர ஆலை வரை ஒன்றரை மைல். நடுவில் கடலைப் பார்த்த ஒரே ஒரு பெரிய வளைவு. சொக்கலிங்கம் பழக்கத்தில் வளைவுக்கு வெகுமுன்பே ஒடித்தார். வண்டி உடனே திரும்பிப் புல்லில் ஏறியது.

"இப்ப அது காத்திருக்காதுண்ணே. வளைவு வந்ததும் திருப்புங்க, போதும்."

திரும்பி வந்தார்கள். இரண்டாம் முறை வளைவு வந்ததும் திருப்பினார். வண்டி ஒரு கோடு போட்டதுபோல் உள்ளே போய் வெளியே வந்தது. சொக்கலிங்கம் ஆலை வாசலில் நிறுத்தினார். கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

"தண்டவாளம் வச்சப்பவும் இப்படித்தான் ஓடுச்சா?"

"ஆமாண்ணே. கொஞ்சம் கனமா."

"ஓட்டிப் பாருங்கன்னு சொன்னே," என்றார். வண்டியைத் திருப்பினார். அன்று அந்த வளைவை இருபத்திரண்டு முறை கடந்தார்கள்.

வண்டியைப் போர்ட் பிளேருக்குத் திருப்பி ஏற்ற பார்ஜ் காத்திருந்தது. சொக்கலிங்கம் மரத்தை மட்டும் ஏற்றச் சொன்னார்.

"அங்க கொண்டு போனா அடுத்த மந்திரிக்குக் கேப்பானுங்க," என்றார். "இங்கேயே நிக்கட்டும். கப்பல் வர்றப்பல்லாம் நான் வரேன்."

அப்படியே வந்தார். பன்னிரண்டு மணி நேரம் படகில் வாந்தி எடுத்துக்கொண்டு வருவார், ஒன்றரை மைல் ஓட்டுவார், திரும்பி ஓட்டுவார், சாப்பிட்டுவிட்டுப் போவார். அவர் வராத நாட்களில் வண்டி ஓடாமல் நின்றால் கெட்டுப்போகும் என்று விசாலாட்சி சொன்னாள். அது உண்மைதான் என்று ஜம்புலிங்கமும் ஒப்புக்கொண்டார். தை மாதத்துக்குள் அவள் மூன்றாவது கியர் வரை போட்டு ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள்.